அச்சமும் ஆங்கிலமும்

(பழைய மாணவர் ஒருவர்)

யூபிலி மலருக்கு ஏதேனும் எழுதுமாறு மலர்க் குழுவினர் பணித்தபோது, கல்லூரியின் பழம்பெருமையையும் ஆசிரியப் பெருந்தகைகளின் அருங்குணங்களையும் எடுத்தோதுதற்கு என்னினும் தகுதியுடையார் பலர் உளர் என்பதே முதலில் நினைவுக்கு வந்தது. ஆதலால், என் தொழிலிலே யான் கண்டறிந்த ஒன்றை, இன்று பயிலும் மாணவர்க்குப் பயன்படும் என்னும் நம்பிக்கையோடு இங்கு எழுதத் துணிந்தேன்.

யான் இங்கிலாந்திலே பல்லாண்டுகளாக உரைபெயர்ப்பாளனாகப் பணி செய்து வருகின்றேன். எம்மவர் தமிழிற் சொல்வதை ஆங்கிலத்திலும், அதிகாரிகள் ஆங்கிலத்திற் கேட்பதைத் தமிழிலும் சொல்வது என் கடமை. முற்காலத்திலே எம் நாட்டு நீதிமன்றுகளில் இன்ரப்பிரிற்றர் முதலியார் என்னும் பெயரோடு மதிப்புற்று விளங்கியவர்கள் செய்த தொழிலே இது. பட்டம் மாத்திரம் இல்லை. மகிழ்ச்சியை எடுத்துச் சொல்வதற்கு உரைபெயர்ப்பாளனை எவரும் அழைப்பதில்லை. வைத்தியசாலை, பொலிசு நிலையம், நீதிமன்று, அகதி விண்ணப்பங்களை விசாரிக்கும் நியாயசபை என்னும் இவ்விடங்களிலேதான் எமக்கு வேலை. இவ்விடங்களிலெல்லாம் மிகுதியாகப் பேசப்படும் உணர்ச்சி ஒன்றே. அஃது அச்சம்.

அச்சத்தை ஆங்கிலத்தில் இயல்பாகவும் அளவு பிறழாமலும் சொல்வது எங்ஙனம்? ஆங்கிலத்திலே அச்சத்துக்குப் பல சொற்கள் உள. அவற்றுள் வலிய சொல்லொன்றைப் பொறுக்கி எடுத்துவிட்டாற் காரியம் முடிந்தது என்று எம்மவருட் பலர் எண்ணுகின்றனர். என் அனுபவம் அதற்கு மாறானது. அச்சத்தின் அளவையும் திசையையும் காட்டுவன பெரும்பாலும் சிறு சொற்களே. அவற்றைச் சரியாகத் தெரிதற்கு, பேசுபவர் தம் தமிழிலே என்ன சொன்னார் என்பதை முதலிற் செவ்வையாகக் கேட்டல் வேண்டும்.

தமிழிலே அச்சத்தைப் பற்றிய ஆராய்ச்சி புதியதன்று. தொல்காப்பியனார் மெய்ப்பாடுகள் எட்டனுள் அச்சத்தையும் ஒன்றாக வைத்து, அது பிறக்கும் இடங்கள் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கென்று வகுத்தார். உரியியலிலே பேம், நாம், உரும் என்னுஞ் சொற்களும் அச்சப் பொருளை உணர்த்தும் என்றார். திருவள்ளுவர் தீவினையச்சம் என்றோர் அதிகாரமும், அவையஞ்சாமை என்றோர் அதிகாரமும், வெருவந்த செய்யாமை என்றோர் அதிகாரமும் வகுத்தார். அஞ்சவேண்டியது ஒன்று, அஞ்சலாகாதது ஒன்று, ஆள்பவன் பிறரை அஞ்சுவிக்கலாகாது என்பது ஒன்று. இத்தகைய நுண்மை உடைய மொழியிற் பிறந்த நாம், ஆங்கிலத்தை எடுத்தவுடன் எல்லா அச்சத்தையும் ‘ஃபியர்’ என்னும் ஒரே பெட்டியில் இட்டு மூடிவிடுதல் வருந்தத்தக்கதே.

இனி, ஆங்கிலச் சொற்களைச் சிறிது நோக்குவோம். ‘ஃபியர்’ என்பது அச்சத்துக்குப் பொதுப்பெயர். பழைய ஆங்கிலத்திலே அது திடீரென வந்து விழும் இடரைக் குறித்தது. பின்னரே அவ்விடரைக் கண்டு மனத்தில் எழும் உணர்ச்சிக்குப் பெயராயிற்று. பெயர்ச்சொல்லாக அஃது எங்கும் வழங்கும். ஆனால் வினையாக வைத்து, ‘ஐ ஃபியர் டொக்ஸ்’ என்று ஒருவர் சொன்னால், அது பிழையன்றாயினும் ஏட்டிலே எழுதி வைத்துப் படிப்பது போல ஒலிக்கும். நாயைக் கண்டு அஞ்சும் ஆங்கிலேயன், ‘ஐ ஆம் அஃப்ரெயிட் ஒவ் டொக்ஸ்’ என்றே சொல்வான்.

இந்த ‘அஃப்ரெயிட்’ என்னுஞ் சொல்லுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அது பெயருக்கு முன்னே நில்லாது. ‘தி சைல்ட் இஸ் அஃப்ரெயிட்’ என்னலாம். ‘அன் அஃப்ரெயிட் சைல்ட்’ என்னலாகாது. அஞ்சிய பிள்ளை என்பதற்கு ‘எ ஃப்ரைட்டன்ட் சைல்ட்’ என்றே சொல்லல் வேண்டும். ‘ஃப்ரைட்டன்ட்’ என்பது பெரும்பாலும் ஏதோவொன்று கண்முன் நிகழ, அதனால் எழுந்த அச்சத்தைக் காட்டும். இடியோசை கேட்ட பிள்ளை அவ்வாறானது. ‘ஸ்கெயர்ட்’ என்பதும் ஏறக்குறைய அதுவே. ஆயினும் அது வீட்டுப் பேச்சுக்கு உரியது. தோழனுக்கு எழுதுங் கடிதத்திற் பொருந்தும். அரசாங்கத்துக்கு எழுதும் விண்ணப்பத்திலே சற்று இலேசாகத் தோன்றும். எம் தோட்டங்களிலே காகம் வெருட்ட நிறுத்தும் வெருளியை ஆங்கிலேயர் ‘ஸ்கெயர்குறோ’ என்பர். வெருட்டுவதால் வெருளி என்று நாம் பெயரிட்டது போலவே அவர்களும் பெயரிட்டிருத்தல் காண்க.

வரப்போவதை நினைத்து எழும் அச்சங்கள் வேறு. பரீட்சை மண்டபத்து வாயிலிலும், தர்க்க சங்கத்தில் முதன்முறை பேச எழும்போதும் மாணவனுக்கு உண்டாவது ‘ஃபியர்’ அன்று. ஆங்கிலேயர் அதனை ‘நேர்வஸ்’ என்பர். வெளியூர் சென்ற மகனிடமிருந்து கடிதம் வாராதபோது தாய்க்கு உண்டாவது ‘வொறி’. நிகழுமோ நிகழாதோ என்னும் ஐயம் நீங்காது மனத்தை நெருக்கினால் ‘அங்சைட்டி’. அதன் இலத்தீன் வேர் நெரித்தல் என்னும் பொருளுடையது. நிகழ்வது உறுதி என்று தெரிந்து, அந்நாள் நெருங்க நெருங்க உள்ளம் பின்வாங்குமாயின் அது ‘ட்ரெட்’. கொடுங்காட்சியைக் கண்டு அருவருப்பும் அச்சமும் ஒருங்கே எழுந்தால் ‘ஹொரர்’. மயிர் சிலிர்த்து நிற்றல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து அது வந்தது. எம் மயிர்க்கூச்செறிதலும் அதுவே. கூட்டம் ஒன்று அறிவிழந்து சிதறி ஓடுமாயின் அது ‘பனிக்’; காட்டுவெளியில் மந்தைகளைக் கலைத்த பான் என்னும் கிரேக்க தேவனின் பெயராற் பிறந்த சொல். ‘டெரர்’ என்பது இவை எல்லாவற்றினும் வலியது. ஆதலால் மிக அரிதாகவே எடுத்தற்குரியது.

இவ்வரிசையிலே இன்னும் ஒன்று உண்டு. மூலஸ்தானத்தின் முன்னே தீபாராதனை நேரத்திற் கைகூப்பி நிற்கும்போது உண்டாகும் உணர்ச்சியை நாம் பயபக்தி என்கின்றோம். அதனை ‘ஃபியர்’ என்று மாத்திரம் மொழிபெயர்த்தால், ஆண்டவனைக் கண்டு ஓட நினைக்கின்றோம் என்று ஆங்கிலேயன் எண்ணக்கூடும். அவன் மொழியிலே ‘ஓ’ என்று ஓரெழுத்துப் போல ஒலிக்குஞ் சொல்லொன்று அதற்கென்றே இருக்கின்றது. அச்சமும் வியப்பும் வணக்கமும் அதனுட் கலந்துள்ளன.

இவற்றை அகராதி பார்த்து எவரும் அறியலாம். அகராதி உதவாத இடம் ஒன்று உண்டு. அஃது எம் வீட்டுத் தமிழ். யாழ்ப்பாணத்துத் தாயொருத்தி, “பிள்ளையை நினைக்க யோசினையாக் கிடக்கு” என்கிறாள். யோசனை என்பதைச் சிந்தித்தல் என்று கொண்டு, ‘ஐ ஆம் திங்கிங் அபவுட் மை சன்’ என்று ஒருவன் மொழிபெயர்த்தால், அவள் மகனை அன்போடு நினைத்திருக்கின்றாள் என்ற அளவிலே கேட்பவர் நின்றுவிடுவர். அவள் சொன்னதோ, ‘ஐ ஆம் வொறிட் அபவுட் மை சன்’ என்பது. “யோசியாதையுங்கோ” என்று நாம் ஆறுதல் கூறும்போது, சிந்தனையை விடுங்கள் என்றா சொல்கின்றோம்?

“சத்தங் கேட்டு ஏங்கிப் போனன்” என்று இன்னொருவர் சொல்வார். ஏங்குதல் என்பதற்கு விரும்பி வாடுதல் என்னும் பொருளை மாத்திரம் அறிந்தவர், அவர் எதையோ நாடி ஏங்கினார் என்று கருதுவர். எம் ஊரிலே ஏங்கிப் போதல் என்பது திடுக்குற்று அஞ்சுதல். குழந்தையின் பக்கத்தில் உரத்துப் பேசினால், “பிள்ளை ஏங்கிப் போம்” என்று பாட்டிமார் கடிவது எமக்குத் தெரியும். ‘இட் கேவ் மீ எ ஃப்ரைட்’ என்பதே அதற்கு இயல்பான ஆங்கிலம்.

“ஈரற்குலை நடுங்கிச்சுது” என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், ஆங்கில வைத்தியர் ஈரலைப் பரிசோதிக்கத் தொடங்குவார். ‘ஐ வாஸ் டெரிஃபைட்’ என்றால் அளவு ஒக்கும். “பதகளிச்சுப் போனன்” என்பது ‘ஐ பனிக்ட்’ என்பதற்கு மிக அணித்து. “விறைச்சுப் போனன்” என்பதிலோ இருமொழியும் கைகோத்து நடக்கின்றன. ஆங்கிலேயனும் அவ்வேளையில், ‘ஐ ஃப்றோஸ்’ என்று உறைந்து போனதாகவே சொல்வான். ஆகவே சொல்லுக்குச் சொல் பெயர்த்தல் எப்போதும் தவறென்று விதி செய்தல் இயலாது. அந்நிலையில் நிற்கும் ஆங்கிலேயன் ஒருவன் என்ன சொல்லுவான் என்று ஒவ்வொரு முறையும் கேட்டுப் பார்த்தலே வழி.

இனிச் சிறு சொற்களுக்கு வருவோம். அச்சக்கிளவி ஐந்தாம் வேற்றுமையையும் ஏற்கும், இரண்டாம் வேற்றுமையையும் ஏற்கும் என்று தொல்காப்பியனார் ஒரு விதி வகுத்திருக்கின்றார். பாம்பின் அஞ்சினான் என்னலாம், பாம்பை அஞ்சினான் என்னலாம், பொருளிற் குறைவில்லை. பேச்சுத் தமிழிலே நாம் நான்காம் வேற்றுமையையும் எடுத்துக்கொண்டு, “பாம்புக்குப் பயம்” என்கின்றோம். பாம்பு அஞ்சுகின்றதா, பாம்பைக் கண்டு நாம் அஞ்சுகின்றோமா என்பது இடம் நோக்கி அறியப்படும். “பொலிசுக்குப் பயம்” என்றால் அஞ்சுபவர் யார்? வீட்டிலே ஐயமில்லை. விசாரணை மண்டபத்திலே ஐயம் உண்டு.

ஆங்கிலம் இவ்விடத்திலே மிகக் கண்டிப்பானது. ‘அஃப்ரெயிட் ஒவ் ஹிம்’ என்றால், அவனைக் கண்டு அஞ்சுகின்றேன். ‘அஃப்ரெயிட் ஃபோர் ஹிம்’ என்றால், அவனுக்கு என்ன நேருமோ என்று அவன்பொருட்டு அஞ்சுகின்றேன். ‘அஃப்ரெயிட் டு கோ அவுட்’ என்றால், அச்சத்தினால் வெளியிற் செல்லத் துணியவில்லை. ‘அஃப்ரெயிட் ஒவ் பீயிங் சீன்’ என்றால், பிறர் கண்ணிற் பட்டுவிடுவேனோ என்று அஞ்சுகின்றேன். ‘ஒவ்’, ‘ஃபோர்’, ‘டு’ என்பன ஒவ்வொன்றும் அரைக்கணத்திற் சொல்லி முடியும் சொற்கள். ஆயினும் அஞ்சுபவர் யார், அஞ்சப்படுவது யாது, எவர்பொருட்டு என்னும் மூன்றையும் அவையே தாங்கி நிற்கின்றன.

இஃது இலக்கண நுட்பம் மாத்திரமன்று; ஒருவருடைய வாழ்வையே திருப்பிவிடக் கூடியது. இரகசியங் காத்தல் எம் தொழிலின் முதல் நெறியாதலால், எவரையும் சுட்டாது, பலரிடம் கேட்ட பேச்சின் தன்மையை மாத்திரம் இங்கே கூறுகின்றேன். முதிய தாயொருத்தியிடம், ஊருக்குத் திரும்பிச் செல்லப் பயமா என்று கேட்கின்றனர். அவள் நியாயசபைத் தலைவரைப் பாராமல் என்னைப் பார்த்து, “எனக்கென்ன பயம், தம்பி? நான் இருந்து முடிச்ச சீவன். பெடியனை நினைச்சாத்தான் பயமாக் கிடக்கு” என்கிறாள். இதன் முதற் பகுதியை, ‘ஐ ஆம் நொட் அஃப்ரெயிட்’ என்று நிறுத்தினால், அச்சமில்லை என்று அவள் வாயாலேயே ஒப்புக்கொண்டதாக எழுத்திற் பதியும். இறுதிப் பகுதியை ‘அஃப்ரெயிட் ஒவ் மை சன்’ என்றால், மகன் கொடியவன் என்றாகும். ‘ஐ ஆம் நொட் அஃப்ரெயிட் ஃபோர் மைசெல்ஃப். ஐ ஹாவ் லிவ்ட் மை லைஃப். இட் இஸ் மை சன் ஐ ஆம் அஃப்ரெயிட் ஃபோர்’ என்று சொன்னால், அவள் சொன்னது அவள் சொன்னபடியே சென்று சேரும். இதிலே கடினமான சொல் ஒன்றுமில்லை. கீழ்வகுப்பு மாணவனுக்கும் தெரிந்த சொற்களே. ‘ஃபோர்’ என்பது இருமுறை தன் இடத்தில் நின்றதனால் தாயின் நெஞ்சம் பிறழாது பெயர்ந்தது.

அச்சம் என்னுஞ் சொல் இத்தகைய நியாயசபைகளில் ஏன் இவ்வளவு நிறுத்துப் பார்க்கப்படுகின்றது என்பதை இளைய மாணவர் அறியவேண்டும். 1951ஆம் ஆண்டு யூலை 28ஆந் திகதி செனீவாவிலே அகதிகளின் நிலை பற்றிய உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. இனம், மதம், தேசியம், ஒரு குறித்த சமூகக் குழுவில் அங்கத்துவம், அரசியற் கருத்து என்னும் ஐந்தனுள் ஒன்றன் காரணமாகத் துன்புறுத்தப்படுவோம் என்று தக்க ஆதாரத்தோடு அஞ்சித் தம் நாட்டுக்கு வெளியே நின்று, அந்நாட்டின் காவலைப் பெற இயலாதவரோ அவ்வச்சத்தினாற் பெற விரும்பாதவரோ அகதி என்று அது வரையறுத்தது. அவ்வரையறையின் நடுநாயகமாக நிற்பது அச்சம் என்னுஞ் சொல்லே. ஆங்கில வாசகத்திலே அது ‘வெல் ஃபவுண்டட் ஃபியர்’. நல்ல அத்திவாரம் இடப்பட்ட அச்சம் என்று கொள்ளலாம். பிரெஞ்சு வாசகம் காரணத்தோடு அஞ்சுபவர் என்னுங் கருத்துப்பட அமைந்தது.

இச்சொற்றொடரின் பொருளை இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1987ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஆராய்ந்து தீர்ப்பளித்தது. 2009ஆம் ஆண்டுவரை அச்சபையே அந்நாட்டின் இறுதி நீதிமன்றாகவும் விளங்கியது. அவ்வழக்கிலே விண்ணப்பித்தோர் அறுவரும் இலங்கைத் தமிழர் என்பது எம்மவர் பலருக்கும் தெரியாது. ஒருவர் உண்மையாகவே அஞ்சுகின்றார் என்பது மாத்திரம் போதாது. திரும்பிச் சென்றால் அவர் அஞ்சுகின்ற துன்பம் நேர்தற்கு நியாயமான அளவு வாய்ப்பு உண்டென்பதும் புறச்சான்றுகளாற் புலப்படல் வேண்டும் என்று சபை கூறியது. கீழே மேன்முறையீட்டு மன்று விண்ணப்பதாரருக்குச் சாதகமாக முடிவு செய்திருந்ததை அது மாற்றிற்று. அறுவரின் அச்சத்தைப் பற்றி எழுந்த இந்த வாதம் இன்று சட்டம் பயிலும் மாணவர் கற்கும் பாடமாகிவிட்டது.

இதிலிருந்து உரைபெயர்ப்பாளன் அறிந்துகொள்வது யாது? எவ்வளவு அஞ்சினேன் என்று உரத்துச் சொல்வதனால் வழக்கு உறுதிப்படுவதில்லை. எதனை, யாரை, ஏன், எப்போது அஞ்சினேன் என்று தெளிவாகச் சொல்வதனால் உறுதிப்படும். இரக்க மிகுதியால், பயம் என்று வந்த இடமெல்லாம் ‘டெரர்’ என்று உயர்த்தி மொழிவது உதவியாகாது. முதல் விசாரணையிலே ஒருவன் ‘டெரிஃபைட்’ என்றதாக எழுதப்பட்டு, அடுத்த விசாரணையிலே வேறோர் உரைபெயர்ப்பாளர் வாயிலாக ‘வொறிட்’ என்றதாக எழுதப்படுமாயின், இரண்டிடத்தும் அவன் சொன்னது ஒரே தமிழ்ச்சொல் என்பதைத் தாள் காட்டாது. மாறிப் பேசினான் என்றே காட்டும். சொன்னவன் உண்மையாளன், அவனைப் பொய்யனாக்கியது இடையில் நின்ற சொல்.

வெருட்டுதல் என்னும் எம் ஊர்ச்சொல் இவ்வகையிலே மிகக் கவனிக்கற்பாலது. “என்னை வெருட்டினவங்கள்” என்று ஒருவர் சொல்கிறார். அவர்களைக் கண்டு இவர் அஞ்சினார் என்றால் அது ‘ஃப்ரைட்டன்ட்’. இன்னது செய்வோம் என்று அவர்கள் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அது ‘த்ரெட்டன்ட்’. முன்னது இவருடைய மனநிலை; பின்னது அவர்களுடைய செயல். தமிழிலே ஒரு சொல் இரண்டையும் அடக்கும். ஆங்கிலத்திலே ஒன்றைத் தெரிந்தே ஆகவேண்டும். அவ்வாறு தெரியும் உரிமை உரைபெயர்ப்பாளனுக்கு இல்லை. தலைவரின் அனுமதி பெற்று, “அவர்கள் ஏதும் சொல்லி வெருட்டினார்களா, அல்லது அவர்கள் வந்து நின்றதே உங்களுக்கு வெருட்சியாயிருந்ததா?” என்று கேட்டறிந்த பின்னரே ஆங்கிலம் பேசுதல் முறை.

இன்னொரு வகையினரும் உளர். இவர்கள் அச்சத்தை வெளிக்காட்டப் பழகாதவர்கள், பெரும்பாலும் ஆண்கள். “பயமெண்டில்லை, ஒரு மாதிரி இருந்தது” என்பார்கள். அதற்கு ஆங்கிலம், ‘ஐ வுட் நொட் சே ஐ வாஸ் அஃப்ரெயிட்; ஐ ஃபெல்ட் அனீஸி’ என்பது. சொல்லும்போது அவர் விரல்கள் மேசை விளிம்பைப் பற்றியிருக்கும், குரல் அடைத்திருக்கும், அவர் கூறாது விட்டதே பெரிது என்பது எனக்குத் தெரியும். ஆயினும் முகத்தை மொழிபெயர்க்கும் அதிகாரம் எனக்கு அளிக்கப்படவில்லை. முகம் எல்லார்க்கும் தெரியும்படி அங்கேயே இருக்கின்றது. நியாயசபைத் தலைவரும் அதனைப் பார்க்கலாம். அவர் அளந்து கொடுத்த சொல்லை அளவு குறையாமலும் கூடாமலும் எடுத்துச் சென்று வைத்தலே யான் அவருக்குச் செய்யக்கூடிய மரியாதை. இத்தொழிலிலே என்னை மிகவும் வருத்துவதும், இத்தொழிலின் நேர்மை நிலைபெறுவதும் இவ்விடத்திலேதான்.

ஆங்கிலேயரும் தம் அச்சத்தைக் குறைத்துச் சொல்பவரே. அதனோடு, அச்சமே இல்லாத இடத்தில் அச்சச் சொல்லை வழங்கும் விந்தையும் அவரிடம் உண்டு. ‘ஐ ஆம் அஃப்ரெயிட் த டொக்டர் இஸ் லேட்’ என்று தாதி சொல்வாள். டொக்டர் வரத் தாமதமாகும். வருந்துகிறோம் என்பதே பொருள். இதனைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால், “ஏன் அந்தப் பிள்ளை பயப்பிடுது? எனக்கு அவ்வளவு கடுமையோ?” என்று நோயாளி கலங்குவார். மன்னிக்கவேண்டும் என்று தொடங்கினால் இருவரும் நலம்.

மாணவ நண்பர்களே! நீங்கள் எல்லீரும் உரைபெயர்ப்பாளராகப் போவதில்லை. ஆயினும் உங்களுள் ஒருவர் வைத்தியராகி, ஊர்க்கிழவியின் நோயை ஆங்கிலத்தில் எழுதுவார். ஒருவர் சட்டத்தரணியாகி, கட்சிக்காரரின் சத்தியக்கடதாசியை ஆங்கிலத்தில் வரைவார். ஒருவர் பிறநாட்டிலே தம் தாயை வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்று, அவளுக்கும் வைத்தியருக்கும் நடுவில் நிற்பார். அவ்வேளையில் அச்சத்தை ஆங்கிலத்திற் சொல்ல நேரின், முதலில் அகராதியைத் திறவாதீர்கள். அச்சத்தை அதன் சொந்தத் தமிழிலே முற்றாகக் கேளுங்கள். பின்னர், அஞ்சப்படுவது யாது என்று கேளுங்கள். அஞ்சுவது தமக்காகவா, பிறர்க்காகவா என்று கேளுங்கள். நிகழ்ந்ததைக் குறித்தா, நிகழ்கின்றதைக் குறித்தா, நிகழப்போவதைக் குறித்தா என்று கேளுங்கள். உடம்பு என்ன செய்தது என்றுங் கேளுங்கள். நடுங்கியதா, ஓடியதா, விறைத்ததா? இந்நான்கிற்கும் விடை கிடைத்தால் ஆங்கிலச் சொல் பெரும்பாலும் தானே வந்து நிற்கும். அது சிறிய சொல்லாயிருந்தால் மகிழுங்கள். ‘வெரி’ என்று அடைகொடுத்து அதனை ஊதிப் பெருக்காதீர்கள். ‘டெரிஃபைட்’ என்பது முன்னரே நிறைந்த சொல்லாதலால் அவ்வடையை ஏற்கவும் மாட்டாது.

தொல்காப்பியனார் கூறிய நிலைக்களங்கள் நான்கனையும் மீண்டும் எண்ணிப் பாருங்கள். அணங்கையும் விலங்கையும் கள்வரையும் அஞ்சுபவன் தன் அரசனிடம் ஓடி முறையிடலாம். நான்காவதாகிய தன் இறையையே அஞ்சுபவன் எங்கே ஓடுவான்? 1951ஆம் ஆண்டு உடன்படிக்கை எழுந்தது அவ்வினாவுக்கு விடையாகவே. வெருவந்த செய்யாமையை வள்ளுவர் அரசியலில் வைத்ததும் அவ்வினா எழாதிருத்தற்பொருட்டே. பழந்தமிழ்ப் புலவர் இட்ட பகுப்பும், புதியவுலகத்துச் சட்டம் கேட்கும் கேள்வியும் ஒன்றாதல் கண்டு யான் பலகாலும் வியந்ததுண்டு.

எமது கல்லூரி எமக்குத் தமிழையும் ஆங்கிலத்தையும் ஒருங்கே தந்தது. காலைப் பிரார்த்தனை மண்டபத்திலே, ஆடல்வல்லானின் உயர்த்திய வலக்கை அஞ்சேல் என்னும் பொருளது என்றும் கற்பித்தது. அஞ்சி நிற்பவர் ஒருவரின் பக்கத்தில் இருந்து, அவர் சொன்னதை அவர் சொன்ன அளவிலே பிறமொழியிற் சொல்லி வைக்கும்போது, அக்கை காட்டும் அருளிலே ஓர் அணுவளவேனும் அவருக்கு எம்மால் உதவ முடிகின்றது. அவ்வளவுக்கு எமக்கு மொழி தந்த கல்லூரி அன்னை நீடூழி வாழ்க.